ஐந்து ஸ்பீக்கர் குலவை

அடுக்களை ஸ்பீக்கர் மட்டும் குலவை போட மாட்டேன் என்று அடம் பிடித்தது.

மற்ற நான்கும் சொன்ன பேச்சைக் கேட்டன. கூடம், படுக்கையறை, நடை, பால்கனி என்று நஸ்மி ஒவ்வொன்றாகச் சோதித்தாயிற்று. தலைநகர் அம்மானில் இந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம். பூகோள வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அதே எட்டு மாதம். மனிதர் சும்மா இருந்தாரா? அறைக்கு அறை ஸ்பீக்கர் மாட்டி, வைஃபையில் கோத்து, மடிக்கணினியில் நாலைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கக் கற்றுக்கொண்டார். காலைச் செய்திக்கு ஒன்று. வாரம் ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை அறிவிக்க ஒன்று.

இன்றைக்கு எழுதியது குலவைக்கு. மகள் ருலாவைப் பெண் கேட்டு ஐந்து மணிக்குப் பெரியவர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளைப் பையன் கைஸுக்கு அப்பா இல்லை. இர்பித் ஊரிலிருந்து சித்தப்பா நாலு பெரிய மனிதர்களைக் கூட்டி வருவதாகப் பேச்சு. அவரை இந்த வீட்டு ஆண்கள் யாரும் பார்த்ததில்லை. வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்துக் கோரிக்கையைச் சொல்வார்கள். நஸ்மியின் அண்ணன் ஸுப்ஹி, "கொடுத்தோம், காபியைக் குடிங்க" என்பார். அந்த நொடியில் வீடே குலவையால் அதிர வேண்டும். ஆனால் போட ஆள்? மனைவி சுஹைலாவுக்குத் தொண்டை கட்டிக் கிடந்தது. அவள் தங்கைகள் மூவரும் குவைத்தில். அவர்கள் பதிந்து அனுப்பிய குலவையைத்தான் ஸ்கிரிப்டில் ஏற்றியிருந்தார்.

"ஏங்க, மணி நாலரை தாண்டிடுச்சு. இன்னும் அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறீங்களே!" என்றாள் சுஹைலா கரகரத்த குரலில்.

"அடுக்களையில சத்தம் வரல."

"அடுக்களையில இருக்கறது நான். எனக்குக் குலவை வேணாம், விடுங்க."

"அஞ்சும் சேர்ந்து வந்தாத்தான் வீடு நிறைஞ்ச மாதிரி இருக்கும்."

"இந்தச் சம்பந்தம் மட்டும் உங்களால கெட்டுச்சு, அந்த டப்பாவோட சேர்த்து உங்களையும் பால்கனியிலேர்ந்து எறிஞ்சிடுவேன். சொல்லிட்டேன்!"

விட்டாரா? ஒரே ஒரு வரி சேர்த்தார்: ஐந்தும் பாடும் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய். விசையைத் தட்டினார். அதே சமயம் வாசல் மணி அடித்தது.

மணி நாலு நாற்பதுதான். கோட்டு போட்ட ஏழு பேர். முன்னால் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியோடு ஒரு பெரியவர். நஸ்மி ஏழு பேரிடமும் கை குலுக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து, அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நடைக்கு ஓடினார். கைஸைக் காணவில்லை. காரை நிறுத்த இடம் தேடி அலைகிறான், இந்தத் தெருவில் அதற்கே அரை மணி ஆகுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விருந்தாளிகள் உட்காரக் குனிந்தார்கள். குலவை வெடித்தது.

பாதி குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"பக்கத்து வீட்ல ஏதோ விசேஷம் போல," என்றார் ஸுப்ஹி, வியர்வையைத் துடைத்தபடி.

நடையில் ருலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா! அவங்க இன்னும் வாயே தொறக்கலப்பா. அதுக்குள்ள குலவையா? பொண்ணைத் தள்ளிவிட்டாப் போதும்னு அலையறாங்கன்னு நினைக்க மாட்டாங்க? கைஸ் மூணு வருஷம் கெஞ்சி அவங்களைச் சம்மதிக்க வெச்சிருக்கான்!" அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் நஸ்மி மடிக்கணினிக்குப் பாய்ந்தார்.

'நிறுத்து' ஸ்கிரிப்டைத் தட்டினார். குலவை நின்றது. நின்ற கையோடு ஸ்பீக்கர்கள் முன்பு கடைசியாகப் பேசியதற்குப் போய்விட்டன.

"தண்ணி வந்துடுச்சு! மோட்டாரைப் போடு! தண்ணி வந்துடுச்சு!" என்று நஸ்மியின் குரலே வீடு முழுக்க அலறியது.

மாடி வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. அடுத்தது கீழ்வீட்டில்.

"பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்க தம்பிக்கும் குரல் ஒரே மாதிரி இருக்கே," என்றார் விருந்தாளிகளில் ஒருவர். ஸுப்ஹி இருமித் தீர்த்தார்.

ஒலியை ஐந்தாகக் குறைக்க நினைத்தார் நஸ்மி. அவசரத்தில் ஐந்துக்குப் பின்னால் ஒரு சுழியம் விழுந்தது. கூடத்துச் சன்னல் கண்ணாடி கடகடத்தது. ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பிடுங்கி எறிங்க அதை!" என்று சீறினாள் சுஹைலா.

வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை."

சம்பந்தம் பேசுகிற வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது! பதறிப்போய் ஒயரை மறுபடி சொருகினார்.

உள்ளே பெரியவர் காபிக் கோப்பையைக் கையில் எடுத்தார், ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தார். நஸ்மி கதவோரம் ஓடிப்போய் நின்றார்.

"நாங்க ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம். அது நடக்காம இதைத் தொட மாட்டோம்," என்றார் பெரியவர். சம்பந்தம் கேட்க வந்தாலும் சண்டை தீர்க்க வந்தாலும் பெரியவர்கள் கூடித் தூது வரும் ஜாஹா என்றால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். "நீங்க மரியாதை தெரிஞ்ச குடும்பம். அதனாலதான் வேற எங்கேயும் போகாம நேரா உங்க வாசலுக்கே வந்தோம்."

நஸ்மி பின்னால் திரும்பிப் பார்த்தார். வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. குலவை ஸ்கிரிப்டை மூடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் அரை நிமிடம்கூட இல்லை. அண்ணனைப் பார்த்து, "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று இரண்டு கைகளையும் வீசினார்.

ஸுப்ஹி துள்ளி எழுந்தார். "ஐயா, நீங்க வாயால கேட்கவே வேணாம்! கேட்டதைக் கொடுத்தோம்! காபியைக் குடிங்க!"

பெரியவர் திகைத்துப்போனார். "முழு மனசோடயா?"

"முழு மனசோட!"

"வீட்டம்மாவுக்கும் சம்மதம்தானே?"

"எனக்கு எப்பவோ சம்மதம்!" என்று உள்ளிருந்து கரகரத்தாள் சுஹைலா.

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"செத்தாலும் மாற மாட்டோம்!" என்றார் நஸ்மி.

"இவ்வளவு சுலபமா முடியும்னு நாங்க நினைக்கவே இல்லைங்க," என்று பெரியவர் நெகிழ்ந்து கோப்பையை எடுத்தார். ஏழு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

அந்த நொடியில் ஐந்து ஸ்பீக்கர்களும், ஆமாம், அடுக்களை ஸ்பீக்கரும் சேர்ந்து, ஒரே குரலில் குலவையிட்டன. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நஸ்மி ருலாவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஏழு விருந்தாளிகளும் ஏனோ பேந்தப் பேந்த விழித்தார்கள்.

திறந்திருந்த வாசல் வழியாகக் கட்டடக் காவலாளி மஹ்ரூஸ் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

"ஐயா, ஸ்பீக்கரையெல்லாம் கழட்டச் சொல்லி வந்திருக்கிற இந்த எதிர்க் கட்டடத்துக்காரங்களை அப்புறம் கவனிச்சுக்கலாம், இர்பித்லேர்ந்து பூங்கொத்தோட வந்தவங்க கீழே குலவையைக் கேட்டுட்டு, பொண்ணை யாருக்குக் குடுத்தாச்சுன்னு என் சட்டையைப் பிடிக்கறாங்க!"