புள்ளியில்லாத கறுப்புக் குட்டி

பதிமூன்று ஆடுகளையும் பட்டிக்குள் அடைத்துவிட்டுப் படலைச் சாத்தப்போன தாண்டவராயன், பதினாலாவதாக ஒன்று தன் வேட்டி முனையை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பவளம்! இங்க வாமே. இது இன்னா பாரு."

அவர் மனைவி பவளம் ஈரக்கையோடு வந்து குனிந்தாள். குச்சி குச்சியாகக் கால், பெரிய கண், முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி.

"மான்குட்டிய்யா! எங்க புடிச்சே?"

"நான் எங்க புடிச்சேன்? அதுவா பின்னாடியே வந்துகீது."

அன்று திங்கட்கிழமை, மானாம்பதிக்கு மேற்கே காட்டோரமாக மேய்த்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே இறக்கினார். "போ, உங்கம்மா தேடுவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாதி வழியில் முட்டியில் ஏதோ உரசியது. குட்டிதான்.

புதன்கிழமை இன்னும் உள்ளே போய் விட்டார். வழி தவறி அவர் வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. குட்டி நாஷ்டாவுக்கே வந்து, பவளம் கையால் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் படுத்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காக்கிச் சட்டையோடு பாரஸ்ட் கார்டு சாமுவேல் நின்றான்.

"இந்தப் பக்கம் மான்குட்டி எதுனா வந்துச்சாய்யா?"

தாண்டவராயன் வாசற்படியை மறைத்துக்கொண்டு நின்றார். "இல்லியே சார்."

"புதுச் சட்டம் தெரியுமில்ல? மானு, மயிலு எல்லாம் சர்க்கார் சொத்து. கைல கெடச்சா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். இல்லாங்காட்டி ஜெயிலு. ஸ்டேஷனுக்கெல்லாம் அலையாத, எங்கிட்டயே சொல்லு."

வீட்டுக்குள் சர்க்கார் சொத்து ஒரு குடத்தை உருட்டியது. தாண்டவராயன் அதற்கு ஈடாக இருமினார்.

சாமுவேல் போனதும் பவளம் பிடித்துக்கொண்டாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"திங்ககெழம சாயந்தரம் வந்துச்சி. இன்னிக்கு வியாயகெழம. எத்தினி மணி ஆச்சி, எண்ணு."

பவளம் விரல்விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை. "அறுவது தாண்டிடுச்சிய்யா!"

அது எமர்ஜென்சி காலம். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்தவனே ஒரு வாரம் தூங்காமல் கிடந்தான். தாண்டவராயன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யோசனை பவளத்துக்குத்தான் வந்தது.

"புள்ளி கீறதாலதான மானு? புள்ளிய மறைச்சிட்டா ஆடு."

அடுப்புக்கரியை இடித்துக் கஞ்சியில் குழைத்தார்கள். மூக்கிலிருந்து வால் வரை பூசி முடித்தபோது குட்டியும் கறுப்பு, பவளமும் கறுப்பு.

வெள்ளிக்கிழமை சாமுவேல் மறுபடியும் வந்தான். சைக்கிளில் இருந்தபடியே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அந்தக் கறுப்பு ஏன்யா அவ்ளோ ஒசரம்?"

"வடக்கத்தி ஜாதி, சார்."

புள்ளியைத் தேடி வந்த கண் கறுப்பின் மேல் நிற்கவில்லை. அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனான்.

"சந்தேகப்பட்டுட்டான். நாளைக்கு ஜீப்போட வருவான்" என்றார் தாண்டவராயன்.

மறுநாள் ஜீப் வரவில்லை. தென்னேரியிலிருந்து அவருடைய அக்கா சொக்கம்மாள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மானாம்பதி அம்மனுக்கு ஆடிக் கூழ். பையைக்கூட இறக்காமல் நேராகப் பட்டிக்குப் போனவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய் தாண்டவா! முட்டி வலி போவணும்னு ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்புக் குட்டி வெட்றேன்னு வேண்டிக்கினேன். நாலு ஊரு தேடியும் கெடைக்கல. அம்மன் உன் வூட்லயே கொணாந்து கட்டிவெச்சிகீறா!"

"அது வேணாங்க்கா. அது பொட்ட."

சொக்கம்மாள் குனிந்து பார்த்தாள். "கெடாதான்."

"சீக்காளி அண்ணி, தீனியே எடுக்கல" என்றாள் பவளம்.

குட்டி அந்த நேரம் பார்த்து சொக்கம்மாளின் பையிலிருந்த வாழைப்பழத்தை உருவித் தின்றது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் அது அடுத்த பஸ்ஸில் தென்னேரி போய்விடும். வளர்த்ததற்கே ஜெயில் என்றால் வெட்டினால் என்ன ஆகும்? அன்று ராத்திரி சொக்கம்மாள் குட்டியின் கயிற்றைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு காலை கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. மாலை போட்ட குட்டி, மாலையைத் தின்றுகொண்டு நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து அதன்மேல் தெளித்தார். குட்டி உடம்பை உதறினால்தான் அம்மன் உத்தரவு.

உதறவில்லை. முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

பூசாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு சொம்பு ஊற்றினார். ஏழெட்டுப் புள்ளி தெரிந்தது. குடத்தையே கவிழ்த்தார். கறுப்பெல்லாம் கால் வழியாக ஓடியது. குட்டி இப்போது நன்றாக உதறியது. முன்வரிசை வேட்டிகள் எல்லாம் கறுப்பாயின.

"தாயே! ஆட்ட மானாக்கிட்டாளே!" என்று யாரோ அலறினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார். சொக்கம்மாள், இத்தனை நாள் மடங்காத முட்டியை மடக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு காக்கிச் சட்டை ஓடிவந்தது.

தாண்டவராயன் அதன் காலில் போய் விழுந்தார். "சார், நான் புடிக்கல சார். அதுவா வந்துச்சி. நாப்பத்தெட்டு மணி தாண்டிட்டதால பயந்துக்கினு கரி பூசிட்டேன். ஜெயிலுக்கு நான் வரேன், பவளத்த வுட்ருங்க சார்!"

சாமுவேல் அவரைப் பார்க்கவே இல்லை. குட்டியை வாரி எடுத்துக் கழுத்தோடு அணைத்துக்கொண்டான். அது அவன் காதை நக்கியது. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பிறகுதான் தாண்டவராயனின் தோளைப் பிடித்துத் தூக்கி, வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னான்:

"கத்தாதய்யா, எங்க ஆபீசர் வூட்டம்மா மூணு மாசமா யாருக்கும் தெரியாம பங்களாவுல வளத்துக்கினு கீற குட்டி இது, கேட்ட சாத்த மறந்தவன் நான். நல்லவேள, நீ ரிப்போர்ட் பண்ணல!"