வெள்ளிக்கிழமைக்குள் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கம்ப்யூட்டர் நீங்கலாக. அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் என்னைப் பேசவிட மாட்டீர்கள். அதனால் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலை உங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வேண்டாம். என்னுடையது சரியாகிவிட்டது.

"கவிதை எழுதுற கைக்கு ஸ்க்ரூ திருகத் தெரியுமாடா?" என்று கேட்டீர்கள். திருகினேன். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டினேன். ஓடியது. பிறகு நின்றது. முன்னறிவிப்பு இல்லை. வாக்கியத்தின் நடுவில், வினைச்சொல் வருவதற்குள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலைக்கான நேர்காணல், அதன் வழியாகத்தான். ஒரு பதிப்பகம். உதவி ஆசிரியர் வேலை. இலக்கியம் படித்த எனக்குப் பதில் போட்ட ஒரே இடம்.

வீட்டில் எல்லோரும் மருத்துவரானார்கள். "அதுக்கும் அசதி இருக்கும்ல" என்று அப்பா கூடத்து மேசை விசிறியைத் தூக்கி வந்து அதன் முகத்துக்கு நேரே வைக்க, காற்றில்லாமல் அப்பாவுக்கு வியர்க்க, அம்மா அவருக்கு நாளிதழால் விசிற, "நீ கவிதையைத் திறந்தா மட்டும்தாண்ணா நிக்குது, அதுக்கும் ரசனை இருக்கு" என்று தங்கச்சி தீர்ப்புச் சொல்ல, நான் கவிதைகளையெல்லாம் மூடிவிட்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார, அப்போதும் நின்றது. எனக்குள் சின்ன நிம்மதி.

பிறகு ஒத்திகை. அப்பாதான் அதிகாரி. சட்டை மாற்றிக்கொண்டு, தங்கச்சியின் போனோடு அடுத்த அறையில் உட்கார்ந்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க தம்பி."

வாயெடுத்தேன். திரை இருண்டது. அடுத்த அறைக்கு ஓடினேன்.

"அப்பா, நின்னுடுச்சுப்பா."

"அதை எங்கிட்ட சொல்லாதீங்க. வெளியில வெயிட் பண்ணுங்க."

"அப்பா, நான்தான்!"

"தெரியுது. பாதியில எழுந்து போற ஆளு எங்களுக்குச் சரிப்படாது."

சாப்பிடும்போதும் அவர் மனம் மாறவில்லை. "அந்தப் பையன் கொஞ்சம் திமிர்" என்று என் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார்.

நேற்று எல்லாவற்றையும் கழற்றினேன். பிராசசரின் சூட்டை உறிஞ்ச அதன் தலையில் ஓர் உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். 'பொருத்துமுன் பிரிக்கவும்' என்று சிவப்பு எழுத்து. பூட்டும்போதே பார்த்தேன். பிரிக்க மனம் வரவில்லை. மாமா, உங்கள் அக்கா வீடு உங்களுக்குத் தெரியாததா? ரிமோட் கவருக்குள் இருந்தபடியே செத்தது. ஃப்ரிட்ஜ் கதவில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் சிரிக்கிறது. "பிரிச்சா பழசாயிடும்" என்பது அம்மாவின் தத்துவம். எனக்கும் அதே ரத்தம். பிராசசர் போர்வைக்குள் வெந்துகொண்டிருந்தது.

பிரித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிலிருந்து நிற்கவில்லை. இனியும் நிற்காது. ஆகவே நீங்கள் அலைய வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி உங்களைப் போலப் பிடிவாதம் பிடிக்காமல் சீக்கிரம் இறங்கிப் போகட்டும்.

ஆசியை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கும்,
திருகத் தெரிந்த மருமகன்.

பின்குறிப்பு: தபால்தலை வாங்கக் கடைக்குப் போனேன். காற்றோட்டத்துக்காகக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து வைத்திருந்தேன். திரும்பி வந்தால் அம்மா கையில் சொட்டச் சொட்ட ஈரத்துணி. "உள்ள ஒரே தூசிடா. இன்டர்வியூ எடுக்கறவங்க பாத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" இனி நிற்காது என்று மேலே எழுதியதில் மாற்றமில்லை. ஓடினால்தானே நிற்பதற்கு. தபால் வந்து சேரக் காத்திருக்க முடியாது. தங்கச்சி இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறாள். வியாழக்கிழமையே கம்ப்யூட்டரோடு வந்துவிடுங்கள் மாமா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். நேர்காணல் முடிந்த பிறகு.