நிச்சயதார்த்தப் பந்தியில் நான் நடத்திய பரிசோதனை

புதிதாக ஒன்றைப் படிக்க ஆரம்பித்தவர்களைக் கொஞ்ச நாளைக்கு எந்த விசேஷத்துக்கும் அழைத்துப் போகக் கூடாது. என்னை அழைத்துப் போனார்கள், அனுபவித்தார்கள்.

எம்.ஏ. சமூகவியலில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வகுப்பில் முன்னோடிகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பொருளாதாரம் என்றார் ஒரு ஜெர்மானியர். மனிதன் தன் செயலுக்குக் கொடுக்கும் அர்த்தத்தைப் பார் என்றார் இன்னொரு ஜெர்மானியர். (இருவருக்கும் தாடி.) என்னைக் கவிழ்த்தவர் பிரெஞ்சுக்காரர். சமூகம் நமக்கு வெளியே நின்று நம்மை அழுத்துகிறது, மீறிப் பார்த்தால்தான் அந்த அழுத்தம் தெரியும் என்றார். ஆஹா! எதையாவது உடனே மீறியாக வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

அந்த ஞாயிறு மயிலாப்பூர் மண்டபத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். காதல் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அக்கா பாதியாக இளைத்திருந்தாள். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு.

சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு நீடிக்கும். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில். நான் பாயசத்தை வழித்துவிட்டு இலையின் விளிம்பைப் பிடித்தேன். அந்தப் பக்கம் தள்ளக் கை வரமாட்டேன் என்றது. பிரெஞ்சுக்காரர் சொன்னது சத்தியம்! அந்த ஆனந்தத்தில் படக்கென்று மடித்தே விட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "என்னம்மா இது?"

"சமூகம்னு ஒண்ணு இருக்கான்னு பார்த்தேன் மாமா."

அவர் பந்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "இருக்கோமா?"

கை கழுவிக்கொண்டு வந்து, கல்யாணத் தேதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று முதல் ஜெர்மானியரிடமிருந்து விளக்க ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

கடைசியில் மாப்பிள்ளையின் அத்தைதான் வழி சொன்னார். "புது இலை போடுங்க. அவ மொதல்லேர்ந்து சாப்பிடட்டும். ஒழுங்கா மடிச்சிட்டா, முன்னாடி மடிச்சது கணக்குல இல்ல."

இரண்டு குடும்பமும் சுற்றி நிற்க, உப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ரசத்தில் மூச்சு முட்டியது, வடையில் கண் பிதுங்கியது. "முழுங்குடி, என் வாழ்க்கைடி" என்று அக்கா எதிரில் நின்று அழுதாள். முழுங்கினேன். ஒருவழியாக இலையை என் பக்கம் மடித்தபோது மாமா சிரித்துவிட்டார், தேதி குறித்தார்கள்.

இப்போது அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன், மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் அக்கா வீட்டில் காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, பந்தியில் எல்லோருக்கும் வாழையிலை. எனக்கு மட்டும் மாமா தன் கையாலேயே ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்.