அசையக் கூடாத ஓர் அங்குலம்

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மிஹ்லார், தொப்பியைக் கழற்றாமலேயே தன் தீர்மானத்தை அறிவித்தார்.

"இனி நம்மட காரில புள்ளைய ஆரும் மடியில வெச்சிக்கிட்டுப் போறல்ல. உம்மாவா இருந்தாலும் சரிதான்."

அவருடைய மனைவி ஸுலைஹா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பை நிற்கவில்லை.

"சரி," என்றாள்.

மிஹ்லாருக்குப் பெரிய ஏமாற்றம். அரை மணி நேர வாதத்துக்கு ஆயத்தமாக வந்திருந்தார். பள்ளிவாசலில் செருப்புத் தேடும்போதே மூன்று நியாயங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். மூன்றும் வீணாயின.

காரணம் இல்லாத தீர்மானம் இல்லை அது. போன மாதம் பொத்துவிலில் ஸுலைஹாவின் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், கோமாரிக்கு இங்கால், ஓர் எருமை ரோட்டின் நடுவே வந்து நின்றது. அவர் பிறேக்கை மிதித்தார். முன் சீற்றில் ஸுலைஹாவின் மடியில் இருந்த நாலு வயது மகள் ஆகிலா போய் டாஷ்போர்டில் மோதினாள். நெற்றியில் புளியங்கொட்டையளவு புடைப்பு. பிள்ளைக்கு அது மூன்று நாளில் வற்றிவிட்டது. வாப்பாவுக்கு வற்றவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதெல்லாம் அந்த 'டொக்' என்ற சத்தம் காதில் கேட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அடுத்த முறையும் பிள்ளையின் நெற்றியை எருமையின் பொறுப்பில் விட முடியாது.

மேலும், அவர் கட்டாரில் பதினேழு வருடம் ஒரு கட்டடக் கம்பனியின் பாதுகாப்புப் பகுதியில் இருந்து திரும்பியவர். ஏணிகளையும் கட்டடச் சாரங்களையும் இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. அசையாவிட்டால் பச்சை அட்டை. அசைந்தால் சிவப்பு அட்டை. அங்குள்ள கூட்டாளி ஒருவர் மூலம்தான் காரில் பிள்ளையை இருத்திக் கட்டும் பிள்ளைச் சீற் ஒன்றை எடுப்பித்திருந்தார். முன்பக்கம் பார்த்து இருக்கிற வகை. வந்து பத்து நாளாக அறைக்குள் இருந்தது.

சோற்றுக்குப் பிறகு வேலை தொடங்கியது.

இந்த இடத்தில் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்முனைக்குடியில் அவர்கள் இருக்கும் வீடு ஸுலைஹாவின் சீதனம். சுவர் அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்து முருங்கையும் அவளுடையதே. மிஹ்லாரின் ஆட்சி நடக்கும் ஒரே நிலப்பரப்பு அந்தக் கார்தான். ஜப்பானிலிருந்து அது எந்தப் பொலித்தீன் உறையோடு வந்ததோ, அதே உறை இரண்டு வருடமாகச் சீற்றுகளில் இருந்தது. அதைப் பற்றி ஒரு காலத்தில் பேச்சு நடந்ததுண்டு.

"வெயிலுக்குள்ள வேகுது மச்சான். ஹபாயா ஒட்டுது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கீச்சுக் கீச்செண்டு கத்துது. கழட்டினா என்ன?"

"விக்கக்குள்ள புதுசு மாதிரி இரிக்கணும்."

"எப்ப விக்கப் போறீங்க?"

"விக்கப் போறல்ல."

அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. தான் வென்றுவிட்டதாக மிஹ்லார் நம்பினார்.

சீற்றோடு வந்த புத்தகத்தில் முன்பாதி இங்கிலீஷ், பின்பாதி அரபு. மிஹ்லார் இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்தார். முதல் மூன்று பக்கமும் எச்சரிக்கைகள். புரட்டிவிட்டார். எச்சரிக்கை எழுதியே பிழைத்த மனிதருக்கு எச்சரிக்கை எதற்கு? நேரே படத்துக்குப் போனார். சீற்றைப் பின்பக்கத்தில் வைத்தார். முழங்காலை ஊன்றினார். பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். மேல்வாரைப் பின்னால் கொளுவினார். இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சி. பச்சை அட்டை."

"எவ்வளவு அசையலாமாம்?" என்றாள் ஸுலைஹா.

"பெல்ட் போற இடத்தில புடிச்சி இழுத்தா ஒரு அங்குலத்துக்கு மேல அசையக் கூடா."

"அப்ப இழுக்கட்டா?"

இழுத்தாள். சீற் கீச்சென்று வழுக்கிக்கொண்டு வந்தது.

"நாலு விரல் வருது. இதுக்கு என்ன அட்டை?"

மீண்டும் பூட்டினார். நாலு விரல் மூன்று விரலாயிற்று. வழுக்காமலிருக்கத் துவாய் ஒன்றை மடித்துக் கீழே வைத்தார். ஐந்து விரலாயிற்று. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பக்கத்து வளவு பஸால் காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கயிறு ஒண்டப் போட்டு இறுக்கன் தம்பி! சம்மாந்துறையிலிருந்து ட்ரக்டர் பெட்டியில முப்பது மூட்ட நெல்லு கொண்டாந்திரிக்கன். ஒண்டும் அசையல்ல."

"காக்கா, இது நெல்லு இல்ல. புள்ள."

அந்தப் பிள்ளை கிட்ட வந்து நின்றது. "வாப்பா, மாடு வந்தா நான் திரும்பியும் விழுவனா?"

மிஹ்லார் துவாயை உருவி எறிந்தார். பஸால் காக்கா தலையை இறக்கிக்கொண்டார்.

"நாளைக்கி பொத்துவிலுக்கு ராத்தாட ஊட்ட போகணும்," என்றாள் ஸுலைஹா மெதுவாக. "சரிவராட்டி நான் மடியிலயே வெச்சிக்கிறன். இல்லாட்டி அந்தப் புத்தகத்த முதல்லருந்து ஒருக்கா வாசிச்சிப் பாருங்களன்."

வாசித்தார். சத்தமாக, தமிழாக்கிக்கொண்டே வாசித்தார். "புள்ளைட சீற்றுக்கும் வாகனத்துட சீற்றுக்கும் இடையில துவாய், மெத்தை, பொலித்..."

நின்றுவிட்டார்.

"என்ன செல்லுது?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கா இவ்வளவு பெரிய எழுத்து?"

மிஹ்லார் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார். பிறகு காருக்குள் குனிந்தார். இரண்டு வருடம் பாதுகாத்த பொலித்தீன் பின்சீற்றில் நீளமாகக் கிழிகிற சத்தம் தெருவரை கேட்டது. அடக்கத்துக்கு ஜனாஸாவோடு நிற்பவரைப் போல ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுபடி பூட்டியபோது கார்ச் சீற்றின் துணி பிள்ளைச் சீற்றைக் கவ்விப் பிடித்தது. ஸுலைஹா இரு கைகளாலும் இழுத்தாள். கார் ஆடியது, சீற் ஆடவில்லை. ஆகிலாவை இருத்தி வார்களை இறுக்கினார். தோளில் வாரைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுக்கு அகப்படவில்லை.

"பாத்தியா!" என்றார். "பதினேழு வருஷ அனுபவம்."

"மாஷா அல்லாஹ்," என்றாள் அவள்.

மறுநாள் காலை அவள் முன்னுக்கு ஏறவில்லை. "புள்ள தனிய இரிந்தாப் பயப்புடும்," என்று பின்னால் போய்த் துணிச் சீற்றில் சாய்ந்துகொண்டாள். பாலமுனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர்கள் கடந்தன. முன்னால் பொலித்தீன் உறைமேல் மிஹ்லார் மட்டும் வெந்துகொண்டும் கீச்சிட்டுக்கொண்டும் போனார். எருமை நின்ற இடத்தில் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தார். ஆகிலா வார்களுக்குள் நித்திரை. நெற்றிக்கு முன்னால் வெறும் காற்றுத்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். கண் கொஞ்சம் கலங்கியது.

கோமாரியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, வார்களை இன்னொருமுறை சரிபார்ப்போம் என்று புத்தகத்தை எடுத்தார். அது பின்பக்கமாகத் திறந்துகொண்டது. அரபுப் பக்கம். பொலித்தீன் உறையின் படம், அதற்கு மேல் 'கூடாது' என்னும் ஒரு பெரிய புள்ளடி. பக்கத்தில் அடையாளத்துக்குக் குத்தியிருந்தது ஸுலைஹாவின் பர்தா ஊசி. பெண்கள் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவள் அவள்.

"இது எப்ப குத்தின?"

"பொதி வந்த அண்டைக்கி."

"பத்து நாளா ஏன் செல்லல்ல?"

"நான் செல்லி நீங்க எப்ப கழட்டினீங்க?"

அவர் யோசித்தார். அப்படி ஒரு நாள் இருக்கவில்லை. "நான் கழட்டாட்டி மெய்யா மடியிலயா வெச்சிக்கிட்டு வந்திரிப்பாய்?"

"அல்லாஹ்வே, வருவனா? கழட்டினாத்தான் வருவமெண்டு ராத்தாக்கு முதலே செல்லிட்டன்."

பொத்துவிலில் அஸீஸா ராத்தா வாசலுக்கு ஓடி வந்தாள். ஸலாம் சொன்னாள். பின்கதவைத் திறந்து சீற்றுத் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு முன்னால் வியர்த்துப்போய் இருந்த மச்சானைப் பார்த்துவிட்டு, தங்கச்சியிடம் கேட்டாள்:

"அப்ப முன்னுக்குக் கழட்டுறது எப்பயாம்?"