மக்னம் அண்ணையின் அறை

செயலாளர் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ரெய்னர்ஸ் லேனில் மரக்கறிக்கடை வைத்திருப்பவள் நான். அழுகின வெண்டிக்காயை அழுகல் என்றுதான் சொல்வேன். "விளையாட்டுப் போட்டியில் கையில் ஆயுதத்தோடு நின்றவருக்கு இனி மண்டபத்துக்குள் அனுமதி இல்லை" என்று எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் எல்லோருடைய போனுக்கும் அறிவித்தல் அனுப்பினாரே, அது பொய்.

அந்த ஆள் மக்னம் அண்ணை. லண்டனில் துவக்கு, துப்பாக்கி என்று அவரளவு கதைத்த தமிழனும் கிடையாது, அவரளவு ஒருவருக்கும் தீங்கு நினையாத தமிழனும் கிடையாது. சுத்த சைவம். சீனிச் சாக்கில் எறும்பு ஏறினால், "ஊதிவிடு பிள்ளை, நசிக்காத" என்று என்னோடு சண்டைக்கு வருவார்.

பெயர் வந்தது என் கடையில்தான். முதல்நாள் வந்து கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"இந்த நாட்டில நல்ல மக்னம் எடுக்கிறது சரியான கஷ்டம் பிள்ளை."

"என்ன கஷ்டம்? உதில ஃப்ரீசருக்க கிடக்கு, எடுங்கோ."

அவர் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். மக்னம் ஐஸ்கிரீமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கத் தொடங்கினார். மக்னம் என்றால் கைத்துவக்குக்குப் போடுகிற, வழமையைவிடப் பலம் கூடின, தடித்த சன்னமாம். அதையே போட்டுச் சுடுகிற நீளத் துவக்கு ஒன்று அவரிடம் இருக்கிறதாம். லைசென்ஸ் உண்டு, சுவரில் பூட்டின இரும்புப் பெட்டி உண்டு, சனிக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடுகிற கிளப்புக்குக் கொண்டுபோய்க் கடதாசியைச் சுட்டுவிட்டு வருவார். ஐஸ்கிரீம் முடிந்து குச்சி காய்ந்தது. விளக்கம் முடியவில்லை.

"கடதாசியைச் சுட ஏன் அண்ணை இவ்வளவு பெரிய சன்னம்?"

"கடதாசிக்கும் ஒரு மரியாதை வேணும் பிள்ளை."

அவருக்கு ஒரேயொரு மனக்குறை. அவருடைய துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் கீழே இருக்கிற பிடியை ஆட்டி அடுத்த சன்னத்தை ஏற்ற வேண்டும். "தண்ணிப் பம்பு அடிக்கிற மாதிரி" என்று சலித்துக்கொள்வார். விசையை அமத்த அமத்தத் தன்பாட்டில் அடுத்தது ஏறுகிற துவக்கில் இந்த மக்னம் போக வேண்டும், அதுதான் கனவு. அப்படி ஒன்றை இந்த நாட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். "வைச்சிருக்கத்தான் ஏலாது. யோசிக்கிறதுக்கும் லைசென்ஸ் கேக்கிறாங்களோ?" என்பார்.

யோசித்தார். மண்டபத்தில் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேத்தண்ணிக் கடதாசிக் கோப்பைகளை மேசையில் படுக்கவைத்து அடுக்குவார். "இஞ்ச பாருங்கோ, இந்தச் சன்னத்துக்கு அடியில விளிம்பு இருக்கு. மேல இருக்கிறதின்ர விளிம்பு கீழ இருக்கிறதில கொழுவினால் எல்லாம் இறுகி நிண்டிடும்." கொழுவிக் காட்டுவார். அவர் இறுக்கிவைத்த கோப்பைகளைப் பிரிக்க முடியாமல் சனம் தேத்தண்ணி இல்லாமல் வீட்டுக்குப் போனதுண்டு. ஆனால் உண்மையான துவக்கை ஒருவருக்கும் காட்டியதில்லை. இத்தனை வருசமாகக் காதால் சாப்பிட்டேனே தவிர, நானும் கண்ணால் கண்டதில்லை.

இனி அறைக் கதைக்கு வருகிறேன். துவக்கில் சன்னம் போய் இருக்கிற இடத்தை மக்னம் அண்ணை தமிழில் 'அறை' என்பார். ஒருநாள் என் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கனடாவில் இருக்கிற மச்சானோடு போனில் கத்தினார்.

"அறை காணாது மச்சான்! அவ்வளவு தடிச்ச ஆளை அந்தச் சின்ன அறைக்குள்ள தள்ளேலுமே? அறையைப் பெரிசாக்கோணும். ஒண்டு வெளியில போக மற்றது தன்பாட்டில உள்ளுக்கு வரோணும். நாங்கள் விரல் மட்டும் அசைச்சாக் காணும்!"

பின்னால் முருங்கைக்காயோடு நின்றவர் செயலாளர். மக்னம் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்தான். அவர் கேட்டது என்ன? மனிசன் அனுமதி எடுக்காமல் வீட்டைப் பெருப்பிக்கிறார். வாடகைக்கு ஆள் மாற்றி ஆள் ஏற்றப் போகிறார்! முருங்கைக்காயை வைத்துவிட்டுக் கவுன்சிலுக்குப் போன் அடித்தார்.

கவுன்சில்காரர் அளவு நாடாவோடு வந்து முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தார். கூடின அறை ஒன்றும் இல்லை. "எந்த அறையைப் பெரிதாக்குகிறீர்கள்?" என்று அவர் கேட்க, மக்னம் அண்ணை உண்மையைச் சொன்னார். நீளமாகச் சொன்னார். கோப்பைகளும் வைத்துக் காட்டினார். வந்தவர் தப்பினால் போதும் என்று போய்விட்டார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருந்ததே. அடுத்த கிழமை "வீட்டில துவக்குச் செய்யிறார்" என்று ஊர் முழுக்கக் கதை. பொலிஸ் வந்தது. இரும்புப் பெட்டியைப் பார்த்தது, லைசென்ஸைப் பார்த்தது, அவர் சுட்ட உளுந்து வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. செயலாளருக்கு அந்த வடைதான் இன்னும் செமிக்கவில்லை.

பிறகு வந்தது விளையாட்டுப் போட்டி. ஓட்டம் தொடங்குவதற்கென்று செயலாளர் ஒரு கைத்துவக்கு வாங்கி வந்தார். சன்னம் போகாது, சத்தம் மட்டும்தான். மக்னம் அண்ணை அதைக் கண்டதும் ஓடிப்போனார்.

"தம்பி, இது வேண்டாம். விசில் ஊதுங்கோ."

"என்னண்ணை, துவக்குக்காரன் நீங்களே பயப்பிடுறியள்? இதில சன்னம் இல்லை, சத்தம்தானே."

"சத்தம்தான் பிரச்சினை. எங்கட சனத்துக்கு உந்தச் சத்தம் இன்னும் உள்ளுக்க கிடக்கு."

"இது லண்டன் அண்ணை. எல்லாம் முறைப்படி நடக்கோணும்" என்று சொல்லிச் செயலாளர் அதைத் தூக்கி அமத்தினார்.

பிள்ளைகள் ஓடினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள், அவர்களுக்கு அது வெறும் சத்தம். தாய் தகப்பன்மார் ஓடவில்லை, விழுந்தார்கள். அக்கவுண்டன்ட்மார், டொக்டர்மார், பெற்றோல் ஸ்டேஷன்காரர், எல்லோரும் ஹரோ மைதானப் புல்லில் முகம் குப்புற. ஒருத்தி பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் பிள்ளையை இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். நான் கட்லட் மேசைக்குக் கீழே இருந்தேன். அங்கே எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாய்க்குள் மண்.

நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் செயலாளர், திகைத்துப்போய் அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பவும் கையைத் தூக்கியபடி. மற்றவர் மக்னம் அண்ணை. அவர் போய் அந்தக் கையைப் பிடித்து, துவக்கைப் பறித்து, உள்ளே கிடந்ததைக் கொட்டி, என் கடைப் பையில் போட்டு முடிச்சுக் கட்டினார். ஒருவரையும் ஏசவில்லை. பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, "வெளியில வா பிள்ளை. ஒண்டுமில்லை, நான் எடுத்துப்போட்டன்" என்றார். படுத்துக் கிடந்த ஒவ்வொருவரிடமும் போய் இதையே சொன்னார்.

கையில் ஆயுதத்தோடு நின்றாராம்! ஓம், நின்றார். உங்களிடம் இருந்து பறித்துக்கொண்டு நின்றார்.

அவர் தனிக்கட்டை. கதைப்பதற்கு அந்த மண்டபத்தை விட்டால் ஆளில்லை. இப்போது ஞாயிறுகளில் என் கடைக்கு வந்து கத்தரிக்காய்க்கு விளங்கப்படுத்துகிறார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அவர் வரப் பிந்தினால் நான்தான் வாசலில் போய் நிற்கிறேன். "விடு பிள்ளை, சங்கத்தோட சண்டை வேண்டாம்" என்கிறார். அவர் விடட்டும். நான் விடமாட்டேன்.

வருகிற பொதுக்கூட்டத்துக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு வருவேன். கதவில் அவரை மறிக்கிறவர் முதலில் என்னை மறிக்க வேண்டும். செயலாளர் அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது. அன்றைக்கு எங்களை விழுத்திய அந்தச் சத்தம் யாருடைய கையில் இருந்து வந்தது? மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, அன்று புல்லில் விழுந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.