தொண்ணூறு டிகிரி அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் எந்தப் பொருளையும் அது இருக்கிறபடி இருக்கவிடாத மனிதர் ஒருவர்தான். நிற்பதைப் படுக்க வைப்பார், படுத்திருப்பதை நிமிர்த்துவார். எங்கள் இன்டர்நெட் கம்பெனியின் மூத்த டெக்னீஷியனான அவருக்கு மார்த்தாண்டத்துப் பாதிரியார் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆபீசில் அது யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் தொண்ணூறு அண்ணாச்சி. எந்தக் கோளாறுக்கும் அவர் முதலில் சொல்லும் வைத்தியம், "ஒரு தொண்ணூறு டிகிரி திருப்பிப் பாருங்க."

கம்பியில்லாமல் ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனாவுக்கு இன்டர்நெட் அனுப்புவதுதான் எங்கள் தொழில். அதில் என் பங்கு, வாடிக்கையாளர்களிடம் போனில் "இப்ப சரியாயிடும் சார்" என்று சொல்வது. வலியசாலையிலிருந்து தினமும் குளித்து, திருநீறு இட்டு, கிளம்பி வந்து நான் சொல்லும் பொய் இது. அதை உண்மையாக்குவது அண்ணாச்சி.

கவடியாரில் ஒரு பெரிய அதிகாரி. சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்தால் வீடியோ சுற்றுகிறதாம். எங்கள் மேனேஜர் புது மெஷின், புது ஒயர், பெங்களூர் நிபுணர் என்று எட்டுப் பக்கத்துக்குத் திட்டம் தயாரித்தார். அண்ணாச்சி போனார். ரௌட்டரின் இரண்டு கொம்புகளில் ஒன்றை நிமிர்த்தினார், மற்றதைப் படுக்க வைத்தார்.

"சாரே, ஒண்ணு நிக்கட்டு, ஒண்ணு கெடக்கட்டு. நீங்க போனை நேராப் பிடிச்சா நிக்கதுக்குக் கிட்டும். சரிஞ்சு கெடந்தா கெடக்கதுக்குக் கிட்டும்."

"பார்க்க அலங்கோலமா இருக்கே?"

"அப்பம் சார்தான் நேரா உக்காரணும்."

வீடியோ ஓடியது. அதிகாரி எங்கள் மேல் புகார் கொடுத்தார், நேராக உட்காரச் சொன்னதற்காக.

சங்கதி இதுதான். ஆன்டெனா விடும் அலை நெட்டுக்குத்தலாகவோ படுக்கைவாட்டிலோ ஆடிக்கொண்டு வருகிறது. வாங்கும் ஆன்டெனாவும் அதே வாட்டத்தில் இருக்க வேண்டும். "காணிக்கைப் பெட்டிக்கு வாய் குறுக்கால இருக்கு. துட்டை நெட்டுக்குப் பிடிச்சா உள்ள போவுமா?" என்பார் அண்ணாச்சி. அதே வாட்டத்தில் பக்கத்தில் இன்னொருவன் அலை விட்டால் இரண்டும் மோதும். அப்போது நாம் இரு முனைகளையும் மற்ற வாட்டத்துக்கு மாற்றிவிட்டால் போதும். மேனேஜருக்கு இது புரியும். எட்டுப் பக்கம் வராது என்பதால் பிடிக்காது.

இனி என் வீரக்கதை. போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் மொபைல் ரேஞ்சு கிடையாது. அங்குள்ள வாசகசாலைக் கூரையில் எங்கள் ஆன்டெனா ஒன்று இருக்கிறது. அதன் ஜோடி கீழே விதுராவில், ஒரு மொட்டை மாடியில். தோட்டத் தொழிலாளியின் மகள் செல்வி நர்சிங் முடித்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலைக்கு அவளுக்கு ஆன்லைனில் நேர்முகம், காலை பதினோரு மணிக்கு. வராவிட்டால் அடுத்த ஆள். முந்தின நாள் எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து போன் செய்து, "சார், நெட்டு நிக்குமா?" என்று கேட்டாள். தொழில் பழக்கம். "நான் இருக்கேன் மோளே" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை நெட் நின்றது, வேறு அர்த்தத்தில். விதுராவில் பக்கத்து மாடியில் எவனோ புது ஆன்டெனா வைத்திருந்தான். அதுவும் நெட்டுக்குத்தல், அதுவும் அதே மலையைப் பார்த்து. அண்ணாச்சி ஜீப்பில் மலையேறினார். ஆள் பற்றாக்குறை என்று என்னை விதுரா மாடியில் ஏற்றினார்கள், கையில் ஒரு ஸ்பேனரோடு.

ஒன்பதரைக்கு அண்ணாச்சி எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டார்.

"சாரே, பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஆன்டெனாவைப் படுக்கப் போடுவோம். ஒரே ஒரு தடவை. பொறவு தொடப்பிடாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆவும். பதறி வெப்ராளப்படாதீங்க."

"எனக்கு என்ன வெப்ராளம் அண்ணாச்சி!" என்றேன். அதற்குள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஐம்பத்தொரு தேங்காய் நேர்ந்திருந்தேன்.

பத்து மணிக்குப் படுக்க வைத்தேன். சிக்னல் பூஜ்யம். பத்து நொடி பொறுத்தேன். என் குடும்பத்திலேயே அது சாதனை. பிறகு, தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று தோன்ற, பழையபடி நிமிர்த்தினேன். மலையில் ஐந்து நிமிடம் காத்திருந்த அண்ணாச்சி, சாரால் திருப்ப முடியவில்லை போலிருக்கிறது என்று எனக்காக இரங்கி, தன்னுடையதையும் நிமிர்த்தினார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தைரியம் வந்து, மறுபடி படுக்க வைத்தேன். சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் வழி விடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அந்த நாட்டியம் எங்களுக்குள் பத்து மைல் தூரத்தில் நடந்தது. தேங்காய் நூற்றொன்று ஆயிற்று.

சந்தேகம் வந்து அண்ணாச்சி லேண்ட்லைனுக்கு ஓடினார். வாசகசாலைக்கும் எஸ்டேட் ஆபீசுக்கும் நடுவே ஒரு மேடு முழுக்க ஈரப்புல். இரண்டு முறை வந்து "தொடாதீங்க" என்று சொல்லிப் போனார். இரண்டு முறையும் "தொடவே இல்லை அண்ணாச்சி" என்றேன். மூன்றாவது முறை வந்தபோது மணி பத்தே முக்கால்.

"சாரே, எத்தனை தடவை தொட்டீங்க?"

"ஒரு தடவை."

"கர்த்தருக்குப் பயந்து சொல்லுங்க."

"நாங்க அந்தப் பக்கம் இல்லையே அண்ணாச்சி... அஞ்சு."



"இப்பம் எப்படி இருக்கு?"

"படுத்திருக்கு."

"கொள்ளாம், அது போதும். அந்த ஸ்பேனரைத் தூக்கித் தெருவில எறியுங்க."

எறிந்தேன். ஒரு ஆட்டோக்காரர் என் வம்சத்தையே மலையாளத்தில் விசாரித்தார். பத்து ஐம்பத்தெட்டுக்கு சிக்னல் வந்தது. நான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதேன்.

சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டுமாம். பிறகு, "சார், அண்ணாச்சி சொன்னாவளா?" என்றாள்.

"ஆச்சு சாரேன்னு மட்டும்தான் சொன்னார். என்ன?"

"திருப்பித் திருப்பி அந்த போல்ட்டு மரை தேஞ்சுபோச்சு சார். விட்டா ஆன்டெனா சரியுது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கூரையில நின்னு கையாலயே பிடிச்சிருந்தாரு. நாப்பது நிமிஷம். இறங்கி வந்தப்ப கால்ல பதினோரு அட்டை, ரத்தம் குடிச்சு உருண்டு தொங்குது. புல்லுல ஓடினதுல ஏறினது. கையை எடுத்தா நெட்டு போயிருமேன்னு தட்டிக்கூட விடல. நான்தான் உப்பு வச்சு எடுத்தேன். வேலை கிடைச்சதும் எனக்கு மொத பேஷண்ட் அவருதான் சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. ஒரு மணி நேரம் லைன் ஏன் செத்துக் கிடந்தது? அண்ணாச்சி எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: தவறுதலாக ஐந்து முறை திருப்பியது நான். இத்தனை வருட அனுபவம் எதற்கு என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவரை வறுத்து எடுத்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்து, மேஜை மேலிருந்த காலண்டரை மெதுவாகக் குறுக்கே திருப்பிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக வானிலையை ஆராய்ந்தேன். மேகமூட்டம்.

வெளியே வந்ததும், "ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"நீங்க உள்ள வெப்ராளப்பட்டா என்னெல்லாம் திருப்புவீங்களோ, ஆரு கண்டா?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எங்கள் மேனேஜருக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. நடந்ததையெல்லாம் எழுதிய இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய், எல்லோர் முன்னாலும் நானே வாசித்துக் காட்டப்போகிறேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். அண்ணாச்சியை அறைக்குள் வரச் சொல்லி, ஒரு நாற்காலி போட்டு, உட்கார வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.