சீல் நைனாவும் மூன்றாவது சிலிண்டரும்

திறக்கக்கூடிய எதையும் மூடி சீல் வைக்காமல் விடாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் திருவொற்றியூர் சீல் நைனா. நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்த கன்டெய்னர் யார்டில், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் சீலையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. லாரி கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடிப்போய் மூன்றாவது முறையும் இழுப்பார். அது அவர் சொந்த விருப்பம்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அவர் கம்பி கோத்து, ஈயக்குண்டை நசுக்கி சீல் வைத்திருந்த வீட்டுச் சாமான்கள் இவை: கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், ஊறுகாய் ஜாடி, மீட்டர் பெட்டி (ஏற்கெனவே இருந்த சீலுக்குத் துணையாக இன்னொன்று), சாப்பாட்டு டப்பா. டப்பாவிலிருந்து ஒருமுறை வஞ்சிர வறுவல் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து கட்டிங் பிளேயரோடுதான் சாப்பிட உட்காருவார். "என் வாய்க்கு மட்டும்தான் இன்னும் வெக்கல" என்பார் அவர் மனைவி.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் வீட்டை ஒட்டிய ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நீல நிறத்தில் ஒற்றை இருக்கை ரேஸ் கார். மூக்கில் வெள்ளை வட்டம், அதற்குள் ஒன்பது.

நைனா இளவயதில் மெக்கானிக். பட்டறை முதலாளியின் காரைப் பந்தயத்தில் ஓட்டுவதும் அவரே. அந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே டயர். ஓட்டுகிற ஆள் மட்டும்தான் வேறு. யாரும் திருட்டுத்தனமாக உள்ளே கைவைக்காமல் இருக்க, இன்ஜின் தலைப்பகுதியின் போல்ட்டுகளில் அதிகாரிகள் ஈய சீல் வைப்பார்கள்.

கடைசி வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் நைனா முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ராயபுரம் சேவியர், நைனா இன்ஜின் தலையின் அடிப்பக்கத்தை அரத்தால் ராவி வேகத்தைக் கூட்டிவிட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்துச் சொல்கிறோம், அதுவரை சீல் அப்படியே இருக்கட்டும் என்றார்கள் அதிகாரிகள். அதற்குள் அந்தப் பந்தயம் நடத்துவதே நின்றுபோனது. முதலாளி காரை நைனாவுக்கே கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வருவார்கள் என்று நைனா முப்பது வருடம் காத்திருந்தார். காசிமேட்டில் ஐஸ் வியாபாரத்துக்குப் போய்விட்ட சேவியர், ஒவ்வொரு ஐஸ் கட்டியோடும் இந்தக் கதையைச் சேர்த்தே விற்றார். ஊர் அவருக்கு வைத்த பெயர் செகண்டு சேவியர்.

போன வருடம் பழைய ரேஸ் கார்களை ஓடவிடும் ஒரு நிகழ்ச்சிக்கு நைனாவுக்கு அழைப்பு வந்தது. தள்ளிக்கொண்டு வரக் கூடாது, கார் தானாக ஓட வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் உப்புக் காற்றில் இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக நான் முதலில் மண்ணெண்ணெய் விட்டேன், பிறகு டீசல், பிறகு இரண்டையும் கலந்து. ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை. தலையைக் கழற்றியே ஆக வேண்டும் என்றேன். அதாவது சீலை வெட்ட வேண்டும்.

நைனா முகம் சுருங்கிப்போனது. "வெட்டிட்டா என் மானத்துக்கு இன்னாம்மா சாட்சி கீது?"

சேவியரையே கூப்பிட்டு, அவர் கண் முன்னால் வெட்டலாம் என்றேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய விதிப்புத்தகத்தோடு வந்து, புகார் கொடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வரியைக் காட்டினார், தானே யோசித்துக் கண்டுபிடித்தது மாதிரி.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, அதே வெள்ளைச் சட்டையில் சேவியர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்து இருபது நிமிடம் சீலைப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. நைனா பிளேயரை அவரிடமே நீட்டினார். சேவியர் கையைத் துடைத்துக்கொண்டு வெட்டினார்.

தலையின் கனத்தை அளந்தேன். புத்தகத்தில் இருந்த அளவு, இம்மி பிசகவில்லை. சேவியர் ஐந்து முறை அளக்கச் சொன்னார். ஐந்தாவது முறை வெர்னியர் அளவுகோலை அவரே பிடித்தார். நைனா ஒரு டயர்மேல் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

விவகாரம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இறுகிய பிஸ்டன்களை வெளியே எடுத்தபோது, மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மூன்று துண்டாக இருந்தது. உடைந்த முனைகள் தேய்ந்து வழவழத்திருந்தன. உடைந்த ரிங்கோடு வெகு நேரம் ஓடிய இன்ஜின் இது, அந்தப் பந்தயத்தில் இதற்கு முழு பலமே இருந்திருக்காது என்று சொன்னேன்.

சேவியர் ரிங் துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இத்த வெச்சிகினா என்னை ஜெயிச்ச?"

"அப்டித்தான் தெரிது மாமு. எனக்கே இப்பதான் தெரியும்."

"தோஸ்து, தலைய ராவுனேன்னு ஒத்துக்கோ. நான் எப்டி மார்க்கெட்டுக்குப் போவேன்?"

நைனா சிரித்த சிரிப்பில் டயர் உருண்டு, அவரும் உருண்டார். கொஞ்ச நேரத்தில் சேவியரும் சிரித்துவிட்டார்.

புது ரிங் போட்டதும் இன்ஜின் உயிர்பெற்றது. தெரு முழுக்கப் புகை. நிகழ்ச்சி நாளன்று வேறொரு சிக்கல் வந்தது. காருக்குள் நைனாவின் வயிறு போகவில்லை. ஒல்லியான சேவியருக்குக் கார் கச்சிதமாக இருந்தது. நைனா இன்ஜினுக்குப் புது சீல் வைத்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். சேவியர் வரிசையில் போகாமல் முன்னால் போன காரை முந்திப் பேச்சு வாங்கினார். நைனா என் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் யார்டில் அவர் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தேன். கம்பி இல்லை, குண்டு இல்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் ஒரு துண்டு வஞ்சிரத்தை எடுத்துத் தின்றேன். திரும்பி வந்தவர் எண்ணிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீதியைச் சாப்பிட்டார்.

அடுத்த நாளிலிருந்து டப்பாவில் ஒரு துண்டு கூடுதலாக வந்தது.